ஒரு வீடு, ஒரு மரபணு, இரண்டு ரகசியங்கள்

(ஏழாயிரம்பண்ணையில் பெற்றோர்களுக்கும் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் பக்கத்து வீடுகளில் இரண்டு சங்கதிகள் வாசல் தாண்டிப் போகாது. பிள்ளைக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை என்பது ஒன்று. வீட்டுப் பெண்ணுக்கு மார்பில் கட்டி இருக்கிறது என்பது இன்னொன்று. முதலாவதைச் சொன்னால் தாயின் வளர்ப்பைக் குறை சொல்வார்கள். இரண்டாவதைச் சொன்னால் மகளைப் பெண் கேட்டு யாரும் வர மாட்டார்கள். அதனால் பிள்ளையை வீட்டுக்குள் வைத்துக்கொள்கிறோம், கட்டியைச் சேலைக்குள் மறைத்துக்கொள்கிறோம். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது கட்டி புண்ணாகியிருக்கும், பிள்ளைக்குப் பயிற்சி தர வேண்டிய நல்ல வயது கடந்திருக்கும்.

இவை இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத துன்பங்கள் என்றுதான் மருத்துவர்களும் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். பெரும்பாலான வீடுகளில் அது உண்மையும்கூட. ஆனால் சில குடும்பங்களில் பிள்ளையின் ஆட்டிசத்துக்கும் தாயின் மார்பகப் புற்றுக்கும் ஒரே மரபணு காரணமாக இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளையைப் பரிசோதித்தால் தாயின் உயிர் பிழைக்கலாம். இதைச் சொல்லத்தான் இன்று இந்த மேடையில் நிற்கிறேன்.

நம் உடலில் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு புரதத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்பு. பெரும்பாலான மரபணுக்கள் நமக்கு இரண்டு பிரதிகளாக வருகின்றன, அம்மாவிடமிருந்து ஒன்றும் அப்பாவிடமிருந்து ஒன்றுமாக. அந்த எழுத்தில் பிழை விழுந்தால் புரதம் குறையும், அல்லது கோணலாகும்.

10-ஆம் குரோமோசோமில் பி-டென் என்று ஒரு மரபணு இருக்கிறது. 1997-இல் அமெரிக்காவின் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் ஒரே சமயத்தில் அதைக் கண்டுபிடித்தன. மூளை, மார்பகம், புராஸ்டேட் கட்டிகளில் 10-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு அடிக்கடி காணாமல் போகிறதே, அங்கே என்ன இருந்தது என்று தேடிப் போனவர்கள் அவர்கள். அங்கே இருந்தது பி-டென்.

அது என்ன வேலை செய்கிறது? பட்டாசு மருந்து கலக்கும் அறை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓர் அறைக்கு இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து என்று கணக்கு உண்டு. அளவைப் பார்த்து "போதும்" என்று சொல்ல அங்கே ஓர் ஆள் வேண்டும். செல்லுக்குள் "வளர், பெருகு" என்ற கட்டளை வந்துகொண்டே இருக்கிறது. "போதும்" என்று சொல்லும் ஆள் பி-டென் புரதம். பிறவியிலேயே ஒரு பிரதி பழுதானவர்களுக்கு அந்தச் சொல் பாதிக் குரலில்தான் கேட்கும். குழந்தையின் மூளை உருவாகும் காலத்தில் நரம்புச் செல்கள் அளவுக்கு மேல் பெருகுகின்றன, இணைப்புகள் தாறுமாறாகின்றன, தலை பெரிதாகிறது. மார்பகத்தில் பல ஆண்டுகள் ஒன்றும் தெரியாது. என்றைக்காவது ஒரு செல்லில் நல்ல பிரதியும் கெட்டுப்போனால், அன்றைக்கு அந்தச் செல்லைத் தடுக்க ஆளில்லை. அங்கே புற்று தொடங்குகிறது.

கௌடன் நோய் என்று ஒரு குடும்பத்தின் பெயரால் 1963-இல் பதிவான நோய் ஒன்று உண்டு. அந்தக் குடும்பங்களில் தலை பெரிதாக இருக்கும். முகத்திலும் உதட்டிலும் ஈறிலும் பரு மாதிரிச் சின்னச் சின்ன முடிச்சுகள் வரும். தைராய்டில் கட்டி வரும். பெண்களுக்கு இளவயதிலேயே மார்பகப் புற்று வரும். இதன் வேர் பி-டென் பிழைதான் என்று 1997-இலேயே தெரிந்தது. அதைக் காட்டிய குழுவில் முன் நின்றவர் சாரிஸ் எங் என்ற பெண் மருத்துவர். சிங்கப்பூரில் பிறந்து அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் மரபணு மருத்துவத்துக்கென ஒரு நிறுவனத்தையே கட்டி எழுப்பியவர். 2024-இல் காலமானார். இந்தப் பிழை உள்ள பெண்ணுக்கு வாழ்நாளில் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு 85 சதவீதம் வரை போகலாம் என்று 2012-இல் அவருடைய குழு கணக்கிட்டது.

2005-இல் அவர் பங்கேற்ற ஆய்வு ஒன்று வெளிவந்தது. ஆட்டிசம் உள்ள, தலை மிகப் பெரிதாக இருந்த 18 பேரின் மரபணுவைப் படித்தார்கள். 3 பேரிடம் பி-டென் பிழை இருந்தது. புற்றுநோய் ஆராய்ச்சியாளர்கள் தேடிக் கண்டெடுத்த மரபணு பேசாத பிள்ளைகளின் இரத்தத்தில் கிடைத்தது.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். பிள்ளைக்கு ஆட்டிசம், தலையும் பெரிது. மரபணு மருத்துவர் சோதித்துப் பி-டென் பிழை என்கிறார். அடுத்ததாகத் தாயையும் தகப்பனையும் சோதிக்கிறார். தாயிடமும் அதே பிழை. அவளுக்கு 29 வயது, உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பதை ஒட்டியே அவளுக்கு ஆண்டுதோறும் மேமோகிராமும் எம்.ஆர்.ஐ.யும் எடுக்கத் தொடங்கலாம். கட்டி மிளகளவு இருக்கும்போதே கையில் சிக்கும். தைராய்டையும் கர்ப்பப்பையையும் கண்காணிக்கலாம். பேசத் தெரியாத பிள்ளை பெற்றவளைக் காப்பாற்றியிருக்கிறது.

தலையின் சுற்றளவை எடுக்க ஒரு டேப் போதும். புருவத்துக்குச் சற்று மேலே வைத்து, காதுகளுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்மண்டையில் மேடான இடத்தைச் சுற்றி முன்னால் கொண்டுவர வேண்டும். மூன்று முறை எடுத்து, பெரிதாக வந்த அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த வயதுக்குரிய வளர்ச்சி அட்டையில், நூறு பிள்ளைகளை நிறுத்தினால் 97, 98 பேரைவிட இந்தத் தலை பெரிதென்றால், பிள்ளைக்கு ஆட்டிசமும் இருந்தால், பி-டென் சோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தலை பெரிதாக இருப்பது மட்டும் நோயில்லை. அப்பன் தலையும் தாத்தன் தலையும் அப்படியே இருக்கும் வீடுகள் ஏராளம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் பி-டென் பிழை காரணம். தலை மிகப் பெரிதாக உள்ளவர்களிடம் அது பல மடங்கு கூடுதல். "ஆட்டிசம் என்றால் புற்றுநோயும் வருமாம்" என்று யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடாதீர்கள். ஆட்டிசத்தோடும் புற்றுநோயோடும் தொடர்புள்ள பொது மரபணுக்கள் 43 என்று 2016-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை பட்டியலிட்டது. ஆனால் அதே ஆண்டு அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தார் மருத்துவப் பதிவேடுகளைப் பார்த்தபோது, ஆட்டிசம் உள்ளவர்களிடம் புற்றுநோய் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. ஒரே பிழை ஒருவருக்கு ஆட்டிசமாகவும் இன்னொருவருக்குப் புற்றாகவும் ஏன் வெளிப்படுகிறது என்ற கேள்வியை சாரிஸ் எங்கின் குழு தொடர்ந்து ஆராய்ந்தது. மரபணுத் தொகுதியில் வேறெங்கோ துண்டுகள் கூடியும் குறைந்தும் இருப்பது ஆட்டிசம் உள்ளவர்களிடம் அதிகம் என்று 2020-இல் அவர்கள் காட்டினார்கள். ஒரு மரபணு தனியாக நின்று ஒரு மனிதரின் விதியை எழுதிவிடுவதில்லை.

அடுத்து, தாய்மார்களின் மனதில் உள்ள கேள்விக்கு வருகிறேன். "வயிற்றுப்பிள்ளையோடு வேலைக்குப் போனேனே, மருந்துத் தூசி பட்டுத்தான் பிள்ளை இப்படி ஆனானா?" பல வீடுகளில் ஒரு தாய் இதை யாரிடமும் கேட்காமல் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பாள்.

அம்மா, தாயைக் குற்றவாளியாக்கும் பழக்கம் நம் ஊரில் மட்டும் இல்லை. 1943-இல் லியோ கானர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதன் பிறகு ஏறக்குறைய கால் நூற்றாண்டு காலம், பாசமில்லாத தாயால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று மேல்நாட்டில் பெரிய படிப்புப் படித்தவர்களே எழுதினார்கள். 1977-இல் லண்டனில் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. இரு கருக்களில் வளர்ந்த 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. வளர்ப்பு காரணம் என்றால் இரண்டு வகை இரட்டையர்களிடமும் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும். தாய்மார்கள் மேல் சுமத்திய பழி அந்த ஆய்வோடு ஆட்டம் கண்டது.

தடுப்பூசி மேலும் பழி போட்டார்கள். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்டு 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரையை, உண்மைக்குப் புறம்பானது என்று கண்டு, 2010-இல் அந்த இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள்.

2020-இல் 35,000 பேருக்கு மேல் ஆராய்ந்த பன்னாட்டுக் குழு ஆட்டிசத்தோடு தொடர்புள்ள 102 மரபணுக்களை அடையாளம் காட்டியது. அவற்றில் பல பிழைகள் அம்மாவிடமும் இல்லை, அப்பாவிடமும் இல்லை. கரு உருவாகும்போது புதிதாக விழுந்தவை. தகப்பனின் வயது ஓராண்டு கூடினால் அப்படிப்பட்ட புதிய மாற்றங்கள் சுமார் இரண்டு கூடுகின்றன என்று 2012-இல் ஐஸ்லாந்தில் கண்டார்கள். மரபணுவைத் தவிர, மிகக் குறைமாதத்தில் பிறப்பது, கர்ப்பகாலத்தில் வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்தைச் சாப்பிடுவது போன்றவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. வலிப்பு மருந்து சாப்பிடும் பெண்கள் கர்ப்பத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசுங்கள், தாமாக நிறுத்திவிடாதீர்கள். பட்டாசு வேலையில் படும் அலுமினியப் பொடி நுரையீரலைக் கெடுக்கும். அதற்கு முகக்கவசமும் காற்றோட்டமும் கேட்பது உங்கள் உரிமை, கேட்டு வாங்குங்கள். ஆனால் பிள்ளையின் ஆட்டிசத்துக்கு நீங்கள் பார்த்த வேலையைக் காட்டி உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம்.

இனி மார்பகப் புற்றுக்கு வருகிறேன். மார்பகப் புற்றில் பல ரகம் உண்டு. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2 என்ற மூன்று பிடிகளில் எதுவும் இல்லாத ரகத்தை மருத்துவர்கள் டிரிபிள் நெகட்டிவ் என்கிறார்கள். பிடி இல்லாததால் அந்தப் பிடிகளைப் பற்றி வேலை செய்யும் மருந்துகள் அதனிடம் பலிப்பதில்லை. வேகமாக வளரும், இளம்பெண்களைத் தாக்கும். மேல்நாடுகளில் மார்பகப் புற்று வந்த நூறு பெண்களில் 10 முதல் 15 பேருக்கு இந்த ரகம். இந்தியாவில் 2016-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது 30-ஐ ஒட்டி இருந்தது. அந்தக் கட்டிகள் பலவற்றில் பி-டென் தொலைந்துபோயிருப்பதைக் காண்கிறார்கள்.

பரம்பரையாக இந்த ரகத்தைக் கொண்டுவருவதில் முதலிடம் பிராக்கா-1 மரபணுவுக்கு. மார்பகப் புற்று குடும்பத்தில் வரும், அதன் இருப்பிடம் 17-ஆம் குரோமோசோம் என்று 1990-இல் மேரி கிளேர் கிங் காட்டியபோது நம்பியவர்கள் குறைவு. 1994-இல் மரபணுவே கைக்கு வந்தது, அடுத்த ஆண்டு பிராக்கா-2 வந்தது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் மருத்துவர் ராஜ்குமாரும் குழுவினரும் தென்னிந்தியக் குடும்பங்களில் இந்த மரபணுக்களைத் தேடி 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த நிலையமே ஒரு குடும்பத்துத் துயரத்தில் முளைத்தது. தம் தங்கை புற்றுநோயால் இறந்ததைக் கண்ட முத்துலட்சுமி ரெட்டி விடாமல் போராடி 1954-இல் அதைத் திறந்தார். அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த மருத்துவர் சாந்தா 2021-இல் கண்மூடும் வரை ஏழைகளுக்காக அங்கேயே வாழ்ந்தார்.

நம் மக்களின் மரபணுவை நாம்தான் படிக்க வேண்டும் என்பதற்கு மதுரையே சாட்சி. காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிச்சப்பன், உசிலம்பட்டிப் பக்கம் ஜோதிமாணிக்கம் கிராமத்து மக்களின் இரத்தத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்த ஆதி மனிதரின் அடையாளத்தைக் கண்டார். அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியைத் தொடங்கிய பெருந்துறை தண்டபாணி, இதயத் தசையைப் பலவீனமாக்கும் ஒரு மரபணு விடுபாட்டைத் தெற்காசியர்களில் நூற்றுக்கு 4 பேர் சுமக்கிறார்கள் என்று 2009-இல் உலகுக்குக் காட்டினார். மேல்நாட்டார் மரபணுவை மட்டும் படித்திருந்தால் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது. யூத மக்களிடையே பேர்பெற்ற பிராக்கா-1 பிழை ஒன்று, ஓர் இந்தியக் குடும்பத்தில் தனியாகவே தோன்றியிருப்பதையும் 2007-இல் கண்டார்கள். சாதிக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து வந்ததால், நம் நாட்டில் ஒவ்வொரு சமூகமும் மரபணுவில் ஒரு தனித் தீவாகி இருக்கிறது. மரபணு விஞ்ஞானிகள் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் உள்ளிட்ட குழு 2017-இல் அப்படி 81 சமூகங்களை இனங்கண்டது. 10,000 இந்தியர்களின் முழு மரபணுத் தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவுகள் 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன.

மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் திருமணம் பற்றியும் சொல்ல வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு திருமணமான பெண்களில் சுமார் 28 பேர் சொந்தத்தில் மணந்தவர்கள். இரண்டு பிரதியும் பழுதானால் மட்டும் வரும் நோய்களைச் சொந்தத் திருமணம் கூட்டுகிறது. ஆட்டிசத்தில் சில வகைகளும் அதில் சேரும். பி-டென், பிராக்கா அப்படியில்லை. ஒரு பிரதி பழுதானாலே போதும். பழுது உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, அது போய்ச் சேரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்நியத்தில் மணந்தாலும் இது மாறாது. தகப்பன் வழியாகவும் வரும். "என் அம்மா வழியில் யாருக்கும் இல்லை" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். அப்பாவைப் பெற்றவள் எதனால் செத்தாள் என்று யாரும் கேட்பதில்லை.

மரபணு ஆலோசகர் முன்னால் உட்கார்ந்தால் முதலில் ஊசி குத்த மாட்டார். ஒரு வெள்ளைத் தாளை எடுப்பார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். கணவன் மனைவிக்கு இடையே ஒரு கோடு, கீழே பிள்ளைகள். நோய் வந்தவரின் கட்டத்தைக் கறுப்பாக்குவார், இறந்தவர் மேல் சாய்கோடு போடுவார், பக்கத்தில் வயதை எழுதுவார். மூன்று தலைமுறை முடியும்போது கறுப்பு வட்டங்கள் ஒரே கிளையில் இறங்கி வருவது அவர் கண்ணுக்குத் தெரியும். அதன் பிறகுதான் இரத்தம் எடுப்பார்கள். "பெரியத்தை நெஞ்சுவலியில் செத்தாள்" என்று நாம் மறைத்துச் சொன்னால், எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரமும் அந்த வட்டத்தைக் கறுப்பாக்க முடியாது.

2021 பிப்ரவரி 12-ஆம் தேதி அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்தபோது இந்த வட்டாரமே ஓடி வந்து நின்றது. ஆனால் ஒரே வீட்டில் பாட்டி, அத்தை, மகள் என்று மூன்று பெண்கள் நாற்பது வயதைத் தாண்டாமல் போனால், விதி என்று சொல்லிப் பாயைச் சுருட்டி வைக்கிறோம். இனி அப்படி வேண்டாம்.

வீட்டுக்குப் போனதும் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே மூன்று தலைமுறைக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஐம்பது வயதுக்குள் மார்பகப் புற்று, எந்த வயதிலும் சினைப்பைப் புற்று, ஆண்பிள்ளைக்கு மார்பில் புற்று, ஒரே வழியில் இரண்டு பேருக்கு, அல்லது டிரிபிள் நெகட்டிவ் ரகம். இவற்றில் ஒன்று இருந்தாலும் அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் மரபணு ஆலோசனை கேளுங்கள். முப்பது வயது தாண்டிய பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கட்டி வலிக்கவில்லை என்று இருந்துவிடாதீர்கள். புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

பிள்ளை ஒரு வயதில் பெயர் சொன்னால் திரும்பவில்லை, விரல் நீட்டிக் காட்டவில்லை, ஒன்றரை வயதில் பேச்சு இல்லை என்றால் காத்திருக்காதீர்கள். மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குக் கூட்டிப் போங்கள். ஆட்டிசம் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அடையாள அட்டையும் கல்வியும் உங்கள் பிள்ளையின் உரிமை. ஸ்டெம் செல் ஊசியால் குணமாக்குகிறோம் என்று லட்சக்கணக்கில் பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். தேசிய மருத்துவ ஆணையம் ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கவில்லை என்று 2022-இலேயே அறிவித்துவிட்டது. பி-டென் பிழை உள்ளவர்களுக்கு எவரோலிமஸ் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்விலும் எதிர்பார்த்த பலன் வரவில்லை. ஆராய்ச்சி நடக்கிறது. அதுவரை பேச்சுப் பயிற்சியும் பழக்கப் பயிற்சியும் உங்கள் பொறுமையும்தான் பிள்ளையை வளர்க்கும்.

அரசிடமும் ஆராய்ச்சியாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். எங்கள் ஊர்களில் இரத்தம் எடுத்தால் முடிவை எங்கள் மொழியில், எங்கள் வீட்டில் வந்து சொல்லுங்கள். மதுரையிலும் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியிலும் மரபணு ஆலோசகரை நியமியுங்கள். தினக்கூலிக்குப் போகும் பெண் ஒரு தாளில் கட்டமும் வட்டமும் போட்டுக்கொள்ள வேலூர் வரை போக முடியாது.

பெண் பார்க்க வரும் வீடுகளுக்கும் சொல்கிறேன். நோயைச் சொன்ன குடும்பத்தை ஒதுக்காதீர்கள். சொன்ன வீட்டுப் பெண் என்ன வரும் என்று தெரிந்து, ஆண்டுதோறும் சோதித்துக்கொண்டு நெடுநாள் வாழ்வாள். சொல்லாத வீட்டுக்குத்தான் நாம் பயப்பட வேண்டும்.